நாணல் பூத் தலையணை

மார்ச் 4

அன்புள்ள வாலுவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கேட்க மாட்டேன். போன கடிதத்தில் கழுத்து வலி என்று ஒரு பக்கம் முழுக்க அழுது வைத்திருந்தாய். ஊருக்கெல்லாம் மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுக்கிறவளுடைய கூடப்பிறந்தவள், துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு கழுத்து வலியில் கிடக்கிறாள் என்றால், கேட்கிறவர்கள் வாயாலா சிரிப்பார்கள்?

இந்தப் பார்சலில் ஒரு தலையணை வைத்திருக்கிறேன். வெறுங்கையாக உனக்கு ஒரு கடிதம்கூட நான் அனுப்பியதில்லை என்பது உனக்கே தெரியும். உறை நானே தைத்தது, நாலு பக்கமும் இரட்டைத் தையல். உள்ளே என்ன வைத்தேன் என்று சொல்ல மாட்டேன். தலையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடி. உனக்குத் தெரிந்த சாமான்தான்.

ஒரே ஒரு கெஞ்சல். இதையும் அந்த ஐஸ் பெட்டிக்குள் போட்டுவிடாதே. போன தடவை போர்வை அனுப்பினேன். அதை மூன்று நாள் உறைய வைத்துத்தான் வெளியே எடுத்தேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்கு ஒரு வாரம் மனசே ஆறவில்லை. "நான் அனுப்பினது என்ன, மீனா?" என்று உன் அத்தானிடம் சண்டைக்குப் போனேன். மனிதர் கடையில் மாதிரிக்கு விரித்து வைத்திருந்த மெத்தையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். "மீன்காரர் பக்கத்துக் கடைதானே, அங்க போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இவரை வைத்துக்கொண்டு நான் கடை நடத்துகிறேன்.

தலையணையை வாரம் ஒரு நாள் நல்ல வெயிலில் போடு. கொடியில் தொங்கவிட்டு, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்று, குச்சியால் இரண்டு பக்கமும் நன்றாகத் தட்டு. சோம்பேறித்தனம் பட்டால் உள்ளே கட்டி தட்டிப்போகும். அப்புறம் அக்கா தைத்தது சரியில்லை என்பாய்.

"சகோதரிகள் மெத்தை நிலையம்" என்று போர்டு மாட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. அதில் ஆறு வருஷம் ஒரு சகோதரிதான் உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் இன்னொரு சகோதரி எங்கே என்று கேட்கிறார்கள். கடலுக்கு நடுவில் பறவை எண்ணப் போயிருக்கிறாள் என்கிறேன். நம்புகிறார்கள் என்றா நினைக்கிறாய்? நான் வந்து உன்னைப் பார்க்கலாம் என்றால் படகு ஏற வேண்டும். வாளியில் தண்ணீர் ஆடினாலே எனக்கு வயிற்றைப் புரட்டும். எப்போது வரப்போகிறாய்?

உன் அக்கா


மார்ச் 20

அன்பு அக்காவுக்கு,

தலையணை வந்தது. கழுத்துக்கு மோட்சம். நேற்று காலையில் எழுந்து தலையை இடது பக்கம் திருப்பினேன், திரும்பியது! உடனே தாடியிடம் போய்த் திருப்பிக் காட்டினேன். (தாடி என்று எழுதினால் உனக்கு ஞாபகம் வரும்தானே? என்னோடு இங்கே வேலை செய்கிறவர். இந்தத் தீவில் நாங்கள் இரண்டு பேர்தான்.) "ஆமா, திரும்புது. சந்தோஷம். போய்க் கஞ்சியைக் கிண்டுங்க" என்றார்.

வெளியிலிருந்து வருகிற எதையும் பிரித்துச் சோதித்து, பூச்சி புழு சாக மூன்று நாள் உறைய வைப்பதுதான் இங்கே வழக்கம், ஆனாலும் நீ கேட்டபடியே இதை ஐஸ் பெட்டிக்குள் போடவில்லை. போதுமா? தாடியிடம்கூடச் சொல்லவில்லை. பிரித்ததும் முகத்தில் வைத்துப் பார்த்தேன், நம் கடை வாசனை. புதுத் துணி, நூல், அத்தான் குடித்துவிட்டு மேஜையில் வைக்கிற காபி எல்லாம் சேர்ந்த வாசனை. மூன்று நாள் காத்திருக்க மனசு வரவில்லை. உள்ளே இருப்பது நல்ல சுத்தமான இலவம்பஞ்சு, சரியா? விதை எடுத்துக் கடைந்த பஞ்சுதானே என்று விட்டுவிட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் குதறியிருப்பேன். போன மாதம் ரேடியோ பழுது பார்க்க ஒருவர் வந்தார். ஷூவின் அடியில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. இறங்கவே விடவில்லை, அதே படகில் திருப்பி அனுப்பிவிட்டேன். ரேடியோ இன்னும் கரகரவென்றுதான் இருக்கிறது.

நீ சொன்னபடி வெயிலில் போட்டுத் தட்டவும் செய்தேன். குடிசைக்குப் பின்னால் மேட்டுச் சரிவு ஆரம்பிக்கிற இடத்தில் கொடி கட்டியிருக்கிறோம். ஓங்கி அடித்ததில் ஒரு மூலை பிரிந்து கொஞ்சம் பஞ்சு பறந்துவிட்டது. இரட்டைத் தையல் என்று என்ன பெருமை பேசினாய்! நானே தைத்து மூடிவிட்டேன். உன் கை வராது, ஆனாலும் பிரியாது.

இங்கே செய்தி நல்லதாக இல்லை. எங்கள் முனகிகளைப் பற்றி உனக்கு எழுதியிருக்கிறேன். மண்ணில் கை நீளத்துக்குக் குழி தோண்டி, அதற்குள் வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை வைக்கிற கடல் பறவை. குழிக்குள் இருந்து முனகுவதால் நாங்கள் வைத்த பெயர் அது. இந்தப் பருவத்தில் கடல் இரண்டு தடவை ஏறி வந்து கீழ்ச் சரிவு முழுக்க நனைந்துவிட்டது. நான் வந்த முதல் வருஷம் இப்படி ஒரு தடவைகூட நடக்கவில்லை. எண்ணூற்றுச் சொச்சம் குழி, எல்லாவற்றிலும் உப்புத் தண்ணீர். குஞ்சுகள் போயின. அதைப் பற்றி மேலே எழுத என்னால் முடியாது.

இனி மேட்டுச் சரிவு ஒன்றுதான் மிச்சம். பெரிய பறவைகள் இப்போது கடலுக்குப் போய்விட்டன, செப்டம்பரில் திரும்பும்போது எல்லாம் அங்கேதான் தோண்டியாக வேண்டும். நல்ல வேளை, மண் அங்கே வெறுமையாக, பொலபொலவென்று இருக்கிறது. உள்ளே பழைய குழிகள் நிறைய இருப்பதால் கால் வைத்தால் இடிந்துவிடும். பலகை போட்டுத்தான் நடக்கிறோம்.

எப்போது வருவாய் என்று கேட்டிருந்தாய். இந்த வருஷம் முடியட்டும் அக்கா.

உன் வாலு


ஏப்ரல் 3

அன்புள்ள வாலுவுக்கு,

தோற்றுப்போனாயே! இலவம்பஞ்சாம். மெத்தைக்கடைக்காரி தங்கை என்று வெளியே சொல்லாதே.

அது நாணல் பூ. நம் கடைக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்குமே, அதேதான். தலையணை அனுப்புவதற்கு முன்னால் நானே போய் அறுத்து, உருவி, ஒரு சாக்கு சேர்த்தேன். சின்ன வயதில் உனக்கு அம்மை போட்டபோது எந்தப் பஞ்சுத் தலையணையும் உறுத்துகிறது என்று ஊரைக் கூட்டினாய். அப்போது எனக்குப் பதினாலு வயது. கால்வாயில் இறங்கி நாணல் பூ பறித்து வந்து அடைத்துக் கொடுத்தேன். நான் தைத்த முதல் தலையணை அதுதான். அன்றைக்குத்தான் நீ தூங்கினாய். மறந்துவிட்டாயா?

தையல் பிரிந்தது என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அத்தான் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை. நீ என்ன கடப்பாரையால் அடித்தாயா?

குஞ்சுகள் செய்தி படித்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எண்ணூறா? அவற்றின் முகத்தை நான் பார்த்ததுகூட இல்லை, ஆனாலும் என்னவோபோல் இருக்கிறது.

இதோடு இரண்டு ஜோடிக் காலுறை. இதை வேண்டுமானால் ஐஸில் போட்டுக்கொள்.

உன் அக்கா


ஜூன் 8

வாலு,

நாலு படகு வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. படகுத்துறைக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க, சாமான் வாங்கிக்கிட்டாங்க, கடுதாசி குடுக்கலை" என்று படகுக்காரர் சொன்னாராம். அங்கே போன் கோபுரம் இல்லை, ரேடியோ புயல் செய்திக்கு மட்டும்தான் என்பதெல்லாம் சரி. கை எங்கே போனது?

நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? தோற்றுப்போனாய் என்று கேலி செய்ததா? அதற்கெல்லாம் கோபித்துக்கொள்கிற வயதா உனக்கு? நாற்பத்தொன்று முடிந்துவிட்டது.

கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. காலுறை பத்தவில்லை என்றாவது எழுது. காலையில் கடை திறந்ததும் தபால்காரர் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வருகிறவர்களுக்கு அளவெடுக்கும்போது இரண்டு தடவை தப்பாக எடுத்துவிட்டேன்.

அக்கா


ஜூன் 22

அன்பு அக்காவுக்கு,

உன்மேல் கோபம் இல்லை. எழுதப் பயமாக இருந்தது. இதை உட்கார்ந்து படி. அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

உன் ஏப்ரல் கடிதத்தைப் படகுத்துறையிலேயே நின்று படித்தேன். நாணல் பூ என்ற இடம் வந்ததும் அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். நாணல் பூவில் ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு விதை இருக்கிறது, அக்கா. நான் அதை மேட்டுச் சரிவுக்கு மேலே கொடியில் தொங்கவிட்டு, நீ சொன்னபடி காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, குச்சியால் அடித்துப் பறக்கவிட்டிருக்கிறேன்.

தலையணையை அன்றைக்கே தகர டின்னில் போட்டு எரித்தேன். மன்னித்துக்கொள். வேறு வழி இல்லை. எரியும்போது நம் கடை வாசனை வந்தது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் தினமும் சரிவில் பலகை போட்டு, வயிற்றில் தவழ்ந்து தேடினேன். ஒன்றும் இல்லை. முளைக்காது, தப்பித்தோம் என்று நினைத்தேன். மே கடைசியில் மூன்று நாள் மழை பெய்தது. நாலாம் நாள் காலையில் பார்த்தால் பச்சை. மெல்லிசாக, ஊசி ஊசியாக. எண்ணினேன். எண்ணுவதுதானே என் வேலை? முந்நூற்று நாற்பது. இப்போது விரல் நீளம் வந்துவிட்டது. கொடிக்கு அடியில் குறுகலாக ஆரம்பித்து, கீழே போகப் போக விசிறி விரித்ததுபோல் அகலமாகப் போகிறது. தாடி வந்து பார்த்தார். "காத்துல வந்த விதை ஒரு கொடிக்கயித்துல இருந்து கிளம்பாதுங்களே" என்றார். எல்லாம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிடுங்கினால் போகாதா என்று கேட்பாய். நாலைந்து பிடுங்கிப் பார்த்தேன். வேரோடு மண்ணும் வந்து ஒரு குழியின் கூரை இடிந்து விழுந்தது. பிடுங்காமல் விட்டால், வேர் பின்னி மண்ணைக் கட்டிவிடும், பறவையால் தோண்ட முடியாது. கீழ்ச் சரிவைக் கடல் எடுத்துக்கொண்டது. மேட்டுச் சரிவை நான் கொடுத்துவிட்டேன்.

அக்கா, பிறத்தியார் ஷூவையெல்லாம் குனிந்து குனிந்து பார்க்கிறவள் நான். அன்றைக்குப் பஞ்சு பறந்தபோது ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும். குனியவில்லை.

ஜூலை கடைசியில் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். சோதிக்காமல் செடியோ விதையோ உள்ளே கொண்டுவந்தவர் அந்தப் பருவத்தோடு தீவைவிட்டு வெளியேற வேண்டும், இரண்டு பருவத்துக்குத் திரும்பி வரக்கூடாது. இது நாலாவது விதி. எழுதியது யார் தெரியுமா? நான்தான். "விதை பறவை காலில் வந்திருக்கலாம்" என்று ஒரு வரி எழுதினால் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. தாடியும் வாயைத் திறக்க மாட்டார். என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வாலு


ஜூலை 2

என் செல்ல வாலுவுக்கு,

படித்தேன். கடையை மூடிவிட்டு ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதேன். அத்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், தூங்கவில்லை. அதிலேயே தெரிந்துகொள், எங்கள் நிலைமையை.

ஐஸில் போடாதே என்று கெஞ்சியது யார்? நான். உள்ளே என்ன என்று சொல்லாமல் விளையாடியது யார்? நான். குச்சியால் தட்டச் சொன்னதும் நான். உன் அறிக்கையில் என் பெயரை எழுது. இன்ன தெருவில் இன்ன கடை வைத்திருக்கிற பொம்பளை அனுப்பினாள், என் தங்கைக்குத் தெரியாது என்று எழுது. வேண்டுமானால் நானே அவர்களுக்குக் கடிதம் போடுகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. உன் வேலை போகும் என்ற இடத்தைப் படித்தபோது, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம், "அப்ப வீட்டுக்கு வந்துடுவா" என்று மனசு துள்ளியது. சீ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். உன் எண்ணூறு குஞ்சும் நினைவுக்கு வந்தன. ஆறு வருஷமாக வா வா என்று கேட்டவள்தான் நான். இப்படி வா என்று கேட்கவில்லை.

இனி அழுது பிரயோசனமில்லை. கேள். பறவையைப் பற்றி நீ எனக்குச் சொல்லலாம், நாணலைப் பற்றி நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். பிடுங்கவே பிடுங்காதே. துண்டு வேர் மண்ணில் தங்கினால் அதிலிருந்தும் முளைக்கும். வெட்டினாலும் தழைக்கும். கால்வாய்க் கரையில் நாணல் இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான், நாம் கழித்த பழைய மெத்தைகளைப் போட்டு வைத்திருக்கும் இடம். நேற்று போய் ஒரு மெத்தையைப் புரட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் முன்னால் அதைப் போட்டபோது அடியில் பச்சையாகக் கிடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடக்கிறது. விரலால் தொட்டாலே உதிர்கிறது. வெளிச்சம் படாமல் மூடினால் போதும். உன்னுடையது விரல் நீளக் குஞ்சுச் செடிதானே, ஆறேழு வாரத்தில் அடங்கிவிடும். மண்ணையும் கிளற வேண்டாம், குழியும் இடியாது.

அதனால் மெத்தைத் துணியை மூன்று மடிப்பாகப் போட்டு விரிப்புகள் தைக்கிறேன், பதினாலு. ஒன்றொன்றும் இரட்டைக் கட்டில் அகலம். வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. இந்தத் தடவை மூன்று தையல். கல்யாண வீட்டு ஆர்டர் ஒன்று பாக்கி. "கொஞ்ச நாள் தரையில படுங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் என்னை முறைத்துக்கொண்டே போனார்கள்.

தைத்து முடித்ததும் எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போகப்போகிறேன். மீன்காரரிடம் சொல்லி வைத்துவிட்டேன், அவருடைய ஐஸ் அறையில் மூன்று நாள் இருக்கட்டும் என்று. "மெத்தைக்குக் காய்ச்சலாக்கா?" என்கிறார். என்னால் சிரிக்கவும் முடியவில்லை. நீ வாங்கியதும் இன்னொரு தடவை உன் பெட்டியிலும் போடு. கேட்கவே கேட்காதே, போடு.

அக்கா


ஆகஸ்ட் 3

அன்பு அக்காவுக்கு,

பதினாலும் வந்தன. என் பெட்டியிலும் போட்டு எடுத்தேன். தீவு முழுக்க மீன் வாசனை.

பலகைமேல் குப்புறப் படுத்து ஓரத்திலிருந்து விரித்துக்கொண்டே போனோம், நாலு நாள் ஆயிற்று. ஓரங்களில் கல் வைத்திருக்கிறோம். தாடி ஒரு விரிப்பின்மேல் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. என்னவோ ஏதோ என்று பயந்து கூப்பிட்டேன். "உங்க அக்கா தைச்சதுல படுத்தா எழுந்திருக்க மனசு வரலைங்க" என்றார்.

அறிக்கை அனுப்பிவிட்டேன். உன் பெயர் அதில் இல்லை. நீ அனுப்பினாய், உண்மைதான், ஆனால் வாசலில் காவலுக்கு நின்றவள் நான். பறவை காலில் வந்தது என்று எழுதக் கை போகவில்லை. அப்படி எழுதினால், அடுத்து வருகிறவர்கள், எப்படியும் விதை தானாக வரத்தானே செய்கிறது, பார்சலை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று விட்டுவிடுவார்கள். அப்புறம் இந்தத் தீவு தீவாக இருக்காது. பதினெட்டு வரி எழுதினேன், தலையணை என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது.

உன் மனசு ஒரு நிமிஷம் துள்ளியது என்று எழுதியிருந்தாயே, அதற்காக வருத்தப்படாதே. தலையணையை முகத்தில் வைத்த அன்றைக்கு எனக்கும் வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் துள்ளத்தான் செய்தது.

பதிலுக்குக் காத்திருக்கிறேன். முனகிகளுக்கும்.

வாலு


செப்டம்பர் 24

அன்பு அக்காவுக்கு,

முதலில் நல்லதை எழுதுகிறேன்.

பதினைந்தாம் தேதி விரிப்புகளை எடுத்தோம். நீ சொன்ன அதே வைக்கோல் நிறம். ஒவ்வொன்றாகச் சுருட்டச் சுருட்டக் குனிந்து எண்ணினேன். முந்நூற்று நாற்பதில், நான் பிடுங்கிய நாலைந்தையும் சேர்த்து, முந்நூற்று முப்பத்தொன்று போய்விட்டது. ஒரு விரிப்பின் ஓரத்தில் கல் நகர்ந்து வெளிச்சம் பட்ட இடத்தில் ஒன்பது மட்டும் பச்சை. அதன்மேல் திரும்பவும் மூடி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் குழிகள் இல்லை, பாதகமில்லை. அடுத்த இரண்டு வருஷம் மழைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் தேட வேண்டும். தாடி சத்தியம் செய்திருக்கிறார்.

பத்தொன்பதாம் தேதி காலையில் பலகை எடுத்துக்கொண்டு போனேன். சரிவில், போன வாரம்வரை உன் துணி கிடந்த இடத்தில், புது மண் வெளியே தள்ளியிருந்தது. கைப்பிடி அளவுதான். பக்கத்தில் விரல் விரித்ததுபோல் காலடி. கையை ஆட்டித் தாடியைக் கூப்பிட்டேன். இன்று காலை எண்ணிக்கை இருநூற்றுப் பதினாறு புதுக் குழி. கீழ்ச் சரிவில் இருந்தவைதான், இடம் மாறி வந்திருக்கின்றன. குப்புறப் படுத்துக் காதை வைத்தால் உள்ளே முனகல் கேட்கிறது. நீ கேட்க வேண்டும் அக்கா. அத்தானின் குறட்டை மாதிரியேதான் இருக்கிறது. அவரிடம் சொல்லிவிடாதே!

இனி அடுத்தது. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி என்று ஒரு வரி. நாலாவது விதிப்படி என்று இன்னொரு வரி. அக்டோபர் 12 படகில் நான் கிளம்ப வேண்டும். எனக்குப் பதிலாக ஒரு பெண் ஏற்கெனவே வந்துவிட்டாள். கெட்டிக்காரி. வந்த அன்றே என் காலணியைக் குனிந்து பார்த்தாள். நல்லது என்று நினைத்தேன், அப்புறம் குடிசைக்குள் போய் அழுதேன். நான் எழுதிய விதி சரியான விதிதான், ஆனாலும் வலிக்கிறது. முட்டை பொரிப்பதைப் பார்க்காமல் போகிறேன்.

ஆறு வருஷச் சாமான் இருக்கிறது. ஏற்றிக்கொள்ள உதவிக்கு ஒரு ஆள் படகில் வரலாமாம், அரை நாள் தீவில் இருக்கலாமாம். நீ வர மாட்டாய் என்று தெரியும். அத்தானைக் கேட்டுப் பார். அவரும் எழுந்திருக்க மாட்டார் என்றால் பரவாயில்லை, நானே தூக்கிக்கொள்வேன்.

வாலு


அக்டோபர் 12, காலை, படகுத்துறை

என் வாலுவுக்கு,

இந்தக் கடிதம் எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று முழிக்காதே. படகுக்காரரிடம் கொடுத்திருக்கிறேன். தீவுக் கரை சேர்ந்ததும் முதலில் இறங்கி இதை உன் கையில் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். நேரில் பேசினால் எனக்கு அழுகைதான் வரும், பேச்சு வராது. அதனால் இங்கேயே உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன். அத்தான் பக்கத்தில் கையில் வாளியோடு நிற்கிறார். தண்ணீர் வாளி இல்லை, வெறும் வாளி, எனக்காக. படகில் ஒரு ஆளுக்குத்தான் இடம், இல்லாவிட்டால் நானும் வருவேன் என்று அவர் சொல்வதை நீ நம்பினால் நம்பு.

இரண்டு பருவம் கடையில் உட்கார். உன் நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஒரு நாள்கூட உன்னை வைத்துக்கொள்ள மாட்டேன். இரண்டு பருவம் முடிந்ததும் விண்ணப்பம் போடு, நானே தபாலில் சேர்க்கிறேன். போர்டு அப்படியே இருக்கும். இன்னொரு சகோதரி எங்கே என்று யாராவது கேட்டால் பறவை எண்ணப் போயிருக்கிறாள் என்பேன். நம்பாதவனுக்கு மெத்தை கிடையாது.

நேற்று முழுக்க நான் கடை திறக்கவில்லை. உடுத்த வேண்டிய துணியை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். முப்பத்தேழு வருஷம் தையல் போட்ட கை, பிரித்தது இதுதான் முதல் தடவை. மேல்சட்டைக் கைமடிப்புக்குள் நாணல் பூ இழை இரண்டு இருந்தது. இரண்டே இரண்டு! துவைத்து மடித்து வைத்திருந்த துணி, வாலு. என் உயிரே போய்விட்டது. அப்போதுதான் உன் சோதனையும் ஐஸ் பெட்டியும் எதற்கு என்று எனக்கு முழுசாகப் புரிந்தது. அதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டு, மீன்காரர் ஐஸ் அறையில் மூன்று நாளாக வைத்திருந்த வேறு ஜோடியை உடுத்திக்கொண்டு வருகிறேன். மீன் வாசனை அடிக்கும், பொறுத்துக்கொள். செருப்பைப் பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்தேன். பின்னலை அவிழ்த்துச் சீப்பால் மூன்று தடவை சீவினேன்.

ஆனாலும் என் பேச்சை நம்பாதே. போன தடவை நம்பித்தான் இவ்வளவும் ஆயிற்று. நான் படகைவிட்டு இறங்க மாட்டேன். நீ கீழே வந்து, அந்த ரேடியோக்காரரைச் சோதித்தாயே, அதேபோல் என்னையும் சோதித்துப் பார். அக்காதானே என்று விடாதே. செருப்பைக் குனிந்து பார். மடிப்பையெல்லாம் விரித்துப் பார். உனக்கு அனுமதி இல்லை என்றால் அந்தப் புதுப் பெண்ணைக் கூப்பிடு. எல்லாம் சரி என்று சொன்ன பிறகு வந்து என்னைக் கட்டிக்கொள். அப்புறம் அந்த முனகல் சத்தம் கேட்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. பலகைமேல் குப்புறப் படுக்க எனக்கும் தெரியும்.

உனக்கு என்று ஒன்றும் கொண்டுவரவில்லை. வெறுங்கையோடு வருகிறேன்.

அக்கா